அந்த்ரேயாஸ் சிங்ரோஸ்: பணம் வந்த வழியும் போன வழியும்

ஏதென்ஸில் உங்கள் சுற்றுலா வழிகாட்டி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கிரேக்க வங்கியாளரான அந்த்ரேயாஸ் சிங்ரோஸை நாட்டின் பெரும் வள்ளல் என்று புகழ்ந்திருக்கிறார். அறைக்குத் திரும்பித் தேடிப் பார்த்தால், கிரேக்கத்தின் முதல் பங்கு ஊழலின் நாயகன் என்று அதே ஆளைப் பற்றி எழுதியிருக்கிறது. இரண்டில் எது உண்மை என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது என்பதால் அந்தக் கேள்வியை ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, பின்னால் கொடுத்த கொடை முன்னால் சம்பாதித்த விதத்தை ஈடுகட்டுமா என்பதுதான் என்று நினைக்கிறேன். நான் வங்கியில் கருவூலப் பிரிவில் பல ஆண்டுகள் அரசுக் கடன் பத்திரங்களோடு வேலை பார்த்தவன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடன் வரலாற்றை அந்தத் தொழில் வழியாகவே படிக்கத் தொடங்கினேன். எனக்குக் கிரேக்க மொழி தெரியாது. சிங்ரோஸ் இறந்த பிறகு 1908இல் அச்சான அவருடைய நினைவுக்குறிப்புகளை வரலாற்றாசிரியர்கள் மேற்கோள் காட்டிய அளவில்தான் படித்திருக்கிறேன். அந்த எல்லைக்குள் நின்று பதில் சொல்கிறேன்.

அவர் 1830இல் ஒட்டோமான் பேரரசின் தலைநகரான கான்ஸ்டாண்டினோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) பிறந்தார். குடும்பம் கியோஸ் தீவைச் சேர்ந்தது, தந்தை மருத்துவர். 1822இல் ஒட்டோமான் படைகள் கியோஸில் நடத்திய படுகொலைக்குப் பிறகு அந்தத் தீவின் வணிகக் குடும்பங்கள் லண்டன், மார்செய், ஒடெசா, அலெக்சாண்ட்ரியா என்று சிதறிப்போயின. சிதறிய இடங்களிலெல்லாம் ஒருவரையொருவர் நம்பிக் கடன் கொடுத்தும் சரக்கு அனுப்பியும் பெரும் வலைப்பின்னலாக எழுந்தன. நம் ஊர் பூச்சிமருந்துக் கடைகளில் ராலிஸ் என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். இன்று டாடா குழுமத்தில் இருக்கும் அந்த நிறுவனத்தின் வேர், கல்கத்தாவுக்கு வந்து சணல் வியாபாரம் செய்த ராலி சகோதரர்களிடம் இருக்கிறது. அவர்களும் கியோஸ்காரர்களே. சிங்ரோஸின் சிறுவயது ஆண்ட்ரோஸ், சீரோஸ் தீவுகளில் கழிந்தது. பதின்ம வயதிலேயே கான்ஸ்டாண்டினோபிளுக்குத் திரும்பி ஒரு வணிக நிறுவனத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். பிறகு அதிலேயே பங்காளியாக உயர்ந்தார். இதுவரை சர்ச்சை எதுவும் இல்லை.

அவருடைய பெரும் செல்வம் கலத்தாவில் உண்டானது. கலத்தா என்பது கான்ஸ்டாண்டினோபிளின் வங்கிக்காரர்கள் குடியிருந்த பகுதி. கிரேக்கர், ஆர்மீனியர், யூதர், லெவன்டைன் எனப்பட்ட, அங்கேயே குடியேறிய ஐரோப்பியர் எனப் பலரும் அங்கே சுல்தானின் கருவூலத்துக்குக் குறுகிய காலக் கடன் கொடுத்து வந்தார்கள். அந்தத் தொழில் நடந்த விதம் தெரியாமல் இந்த மனிதரை எடைபோட முடியாது. அரசின் முக்கிய வருமானம் விளைச்சலில் எடுக்கும் தசமபாக வரி. அது அறுவடைக்குப் பிறகே கைக்கு வரும். படைவீரர் சம்பளமும் அரண்மனைச் செலவும் அதுவரை காத்திருக்காது. அந்த இடைவெளியில் கலத்தாக்காரர்கள் பணம் தருவார்கள், வரி வசூலை ஈடாக எழுதி வாங்கிக்கொள்வார்கள், உயர்ந்த வட்டி போடுவார்கள். கெடு வரும்போது கருவூலத்தில் பணம் இருக்காது. பழைய கடனோடு வட்டியையும் சேர்த்துப் புதிய கடன் எழுதப்படும். இப்படி மலைபோல் சேர்ந்த குறுங்கடன்களை அடைக்க, கிரிமியப் போர்க் காலமான 1854 முதல் லண்டனிலும் பாரிஸிலும் நீண்டகாலப் பத்திரங்கள் விற்கப்பட்டன. அவற்றை வாங்கியவர்களில் ஓய்வூதியக்காரர்களும் சிறு சேமிப்பாளர்களும் ஏராளம்.

கடன் பத்திரத் தொழிலில் இருப்பவர்கள் முதலில் பார்ப்பது, திரட்டும் பணம் எதற்குப் போகிறது என்பதை. ஒட்டோமான் பத்திரங்களில் திரட்டிய பணத்தின் பெரும்பகுதி பாலத்துக்கோ பாசனத்துக்கோ போகவில்லை, முன்பு கடன் கொடுத்தவர்களுக்கே திரும்பிப் போனது. அதாவது கலத்தாக்காரர் தன் பணத்தை வட்டியோடு எடுத்துக்கொண்டு வெளியே வருவார், ஆபத்து பாரிஸில் பத்திரம் வாங்கியவரின் பெட்டிக்குள் போய் உட்காரும். 1875 அக்டோபரில், சுமார் 20 கோடி பவுன் முகமதிப்புள்ள கடனைத் தாங்க முடியாமல், வட்டியில் பாதியை மட்டுமே ரொக்கமாகத் தருவோம் என்று ஒட்டோமான் அரசு அறிவித்தது. அடுத்த ஆண்டு அதையும் நிறுத்திவிட்டது. சிங்ரோஸ் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1870களின் தொடக்கத்தில், கூட்டாளிகளோடு கான்ஸ்டாண்டினோபிள் வங்கி என்ற பெரிய நிறுவனத்தை உருவாக்கிவிட்டு ஏதென்ஸுக்குக் குடிபெயர்ந்திருந்தார். ஏதென்ஸில் மன்னரின் அரண்மனைக்கு எதிரே அவர் கட்டிய மாளிகையில்தான் இன்று கிரேக்க வெளியுறவு அமைச்சகம் இருக்கிறது. வரப்போகும் திவாலை முன்னறிந்து தப்பினார் என்று சிலர் எழுதுகிறார்கள். அந்த முடிவுக்கு ஆதாரம் போதாது. வங்கியின் நலன்கள் அந்த நகரத்தில் தொடர்ந்து இருந்தன, அவர் தன் பணம் முழுவதையும் அங்கிருந்து எடுத்துவிடவும் இல்லை.

ஏதென்ஸ் அவரை இருகரம் நீட்டி வரவேற்றதற்குக் காரணம் உண்டு. ஒட்டோமான் ஆட்சிக்கு எதிரான விடுதலைப் போரின்போது, 1824, 1825 ஆண்டுகளில், லண்டனில் வாங்கிய கடன்களைக் கிரேக்கம் திருப்பித் தரவில்லை. அதனால் 1870களின் இறுதிவரை ஐரோப்பியச் சந்தைகளில் அந்த நாட்டுக்குக் கடன் கதவு சாத்தியே கிடந்தது. கையில் மூலதனத்தோடு வந்த வெளிநாட்டுக் கிரேக்கர்தான் அரசுக்கு நம்பிக்கையாக இருந்தார். அதே நேரத்தில் அரசுக்கு ஒரு பெரிய தலைவலியும் இருந்தது.

ஏதென்ஸ் அமைந்துள்ள அட்டிகா பகுதியின் தென்முனையில் இருக்கும் லாவ்ரியோ, பண்டைய ஏதென்ஸுக்கு வெள்ளி கொடுத்த ஊர். பழங்காலத்தவர் உருக்கிக் கழித்த கசடுகள் மேடு மேடாகக் கிடந்தன. அவற்றில் ஈயம் மிச்சமிருந்தது. 1860களில் இத்தாலியரான செர்பியேரியும் பிரெஞ்சுக் கூட்டாளிகளும் வந்து அந்தக் கசடுகளை மறுபடி உருக்கி நல்ல லாபம் பார்த்தார்கள். கசடுகள் தவிர, தரம் குறைவென்று பழங்காலச் சுரங்கக்காரர்கள் உருக்காமலே ஒதுக்கிய தாதுக் குவியல்களும் இருந்தன. உரிமம் அவற்றுக்கும் சேர்த்தா என்பதில் தகராறு முளைத்தது. 1871இல் அரசு ஒரு சட்டம் போட்டு அந்தக் குவியல்களைத் தன் சொத்தாக அறிவித்தது. இத்தாலியும் பிரான்சும் தங்கள் குடிமக்களுக்காகக் கண்டிப்போடு பேசின. இதற்கிடையில் பத்திரிகைகள் அந்தக் குவியல்களின் மதிப்பை ஏற்றிக்கொண்டே போயின. நாட்டின் கடனையெல்லாம் தீர்க்கும் புதையல் மண்ணில் கிடக்கிறது என்று மக்கள் நம்பத் தொடங்கினார்கள். தங்கம் இருக்கிறது என்றுகூடப் பேச்சு கிளம்பியது. 1873இல் பிரதமர் தெலியோர்கிஸ் கண்ட தீர்வு, சிங்ரோஸின் வங்கி வெளிநாட்டவரிடமிருந்து நிறுவனத்தையே வாங்கிக்கொள்வது என்பது. ராஜதந்திரச் சிக்கல் ஓர் இரவில் தீர்ந்தது. உடனே சிங்ரோஸ் ஒரு கிரேக்க நிறுவனத்தைத் தொடங்கி, பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றார்.

அப்போது ஏதென்ஸில் பங்குச் சந்தையே கிடையாது. எயோலு, எர்மு தெருக்கள் சந்திக்கும் மூலையில் 'அழகிய கிரேக்கம்' என்ற பெயருடைய காபிக் கடை இருந்தது. அரசியல் பேசவும் வதந்தி கேட்கவும் ஊர் கூடும் இடம் அது. லாவ்ரியோ பங்குகள் அங்கே மேசைக்கு மேசை கைமாறின. கடைக்காரர், அரசு ஊழியர், விதவை என்று எல்லாரும் சேமிப்பை எடுத்துக்கொண்டு வந்தார்கள். விலை ஏறியது. குவியல்களில் இருப்பது குறைந்த தரத் தாதுவே என்பது தெரியவந்ததும் சரிந்தது. ஏறும்போது விற்றவர்கள் பணக்காரர் ஆனார்கள், கடைசியில் காகிதத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் மொட்டையடிக்கப்பட்டார்கள். குடும்பச் சொத்தின் பெரும்பகுதியை அதில் இழந்தவர்களில் எழுத்தாளர் எம்மனூயில் ரோயிடிஸும் ஒருவர். ஏதென்ஸில் முறையான பங்குச் சந்தை 1876இல்தான், இந்த அடிக்குப் பிறகு, தொடங்கியது.

இதில் உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துச் சொல்கிறேன். புதையல் வதந்தி சிங்ரோஸ் கிளப்பியது அல்ல, அவர் உள்ளே வருமுன்பே இரண்டு ஆண்டுகளாக அது வளர்ந்துகொண்டிருந்தது. இது உறுதி. நிறுவனம் வெறும் பெயர்ப்பலகை அல்ல, அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் உண்மையாகவே ஈயம் உருக்கியது. இதுவும் உறுதி. அந்த வதந்தி உச்சத்தில் இருந்தபோதுதான் அவர் பங்குகளை விற்றார் என்பதும் அதே அளவு உறுதி. குவியல்களின் உண்மையான மதிப்பு அவருக்கு அப்போதே தெரிந்திருந்ததா என்பதுதான் ஐயம். தன் பக்கத்து நியாயத்தை அவர் நினைவுக்குறிப்புகளில் சொல்கிறார், அது குற்றம் சாட்டப்பட்டவரின் வாக்குமூலம். எதிர்த்தரப்பில் நமக்குக் கிடைப்பவை அரசியல் எதிரிகளின் பத்திரிகைகளும் பணம் இழந்தவர்களின் கோபமும். இந்த இரண்டை வைத்துக்கொண்டு ஒருவருடைய மனத்துக்குள் புக முடியாது. இன்றைய விதிகளின்படி, பங்கு வெளியிடுபவர் தாது ஆய்வு அறிக்கையை இணைத்து, தெரிந்த குறைகளை எழுதிக் கையெழுத்திட வேண்டும். அன்று அப்படி ஒரு கட்டாயம் இல்லை, அதனால் சட்டப்படி மோசடி என்று நிறுவ வழியும் இல்லை. ஆனால் என் தீர்ப்பைக் கேட்டால், பல ஆண்டுகள் சுல்தானின் வரி வசூலை எடைபோட்டே கடன் கொடுத்துவந்த ஒருவருக்கு, காபிக் கடைக் கூட்டம் எதை நம்பி வாங்குகிறது என்பது தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தும் விற்றார். அதை நான் நியாயம் என்று எழுத மாட்டேன்.

லாவ்ரியோவைப் பற்றிப் பேசுபவர்கள் தெசாலியைப் பற்றிப் பேசுவதில்லை. அதுவே எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. 1881இல் தெசாலி சமவெளி ஒட்டோமான் ஆட்சியிலிருந்து கிரேக்கத்துக்கு வந்தது. அங்கிருந்த பெரும் பண்ணைகளை முஸ்லிம் நிலவுடைமையாளர்கள் விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் பெரும்பாலும் கான்ஸ்டாண்டினோபிள் வட்டத்துப் பணக்காரக் கிரேக்கர்கள். பழைய ஆட்சியில் வாரக் குடியானவனுக்கு, குடியிருக்கும் வீட்டின் மீதும் உழும் நிலத்தின் மீதும் வழக்கத்தால் வந்த சில உரிமைகள் இருந்தன. கிரேக்கச் சட்டம் பண்ணை முழுவதையும் வாங்கியவரின் தனிச் சொத்தாகப் பார்த்தது. விடுதலை கிடைத்த நாளிலேயே குடியானவனின் கால் தரை இழந்தது. அதன் விளைவு 1910இல் தெசாலி ஊரான கிலேலேரில், விவசாயிகள் மீதான துப்பாக்கிச் சூடாக வெடித்தது. சிங்ரோஸ் 1882இல் தொடங்கிய எப்பிரோதெசாலி வங்கிக்கு அந்தப் பகுதியில் நாணயத்தாள் அச்சிடும் தனி உரிமையே கிடைத்தது. பண்ணைக் கொள்கையை அவர் ஒருவர் தலையில் கட்டுவது தவறு, அது நாடாளுமன்றமும் பிரதமர்களும் சேர்ந்து செய்தது. ஆனால் அவருடைய வட்டத்தை அரசு எவ்வளவு தாங்கிப் பிடித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை. காபிக் கடையில் பணம் இழந்தவர்களுக்குப் பத்திரிகை இருந்தது, எழுத்தாளர்கள் இருந்தார்கள். தெசாலி விவசாயிக்கு அது எதுவும் இல்லை.

கொரிந்து கால்வாய் வேறு மாதிரியான கதை. ஹங்கேரியரான இஸ்த்வான் துர் 1882இல் தொடங்கிய நிறுவனம், எண்பது மீட்டர் உயரப் பாறையை வெட்டும் செலவில் மூழ்கி 1890இல் படுத்துவிட்டது. சிங்ரோஸின் தலைமையில் ஒரு கிரேக்க நிறுவனம் வேலையை எடுத்து 1893இல் முடித்தது. ஆறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். எதிர்பார்த்த அளவு கப்பல்கள் வரவில்லை, சரிவுகளில் மண் விழுந்துகொண்டே இருந்தது. லாபத்தை மட்டுமே மோப்பம் பிடிப்பவர் இந்த வேலையில் கை வைத்திருக்க மாட்டார் என்று அவருடைய ஆதரவாளர்கள் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

இனி கொடைகள். ஒலிம்பியாவில் 1875 முதல் 1881 வரை ஜெர்மானியர்கள் பெரிய அளவில் அகழாய்வு செய்தார்கள். 1874இல் போட்ட ஒப்பந்தப்படி, கிடைத்தவை கிரேக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒப்பந்தம் நல்லது, ஆனால் ஜீயஸ் கோயிலின் முகப்புச் சிற்பங்களையும் பண்டைய சிற்பி பிராக்ஸிடெலிஸின் ஹெர்மிஸ் சிலையையும் வைக்க அங்கே கூரை இல்லை. அந்தக் கூரையைச் சிங்ரோஸ் கொடுத்தார். 1880களில் கட்டி முடிந்த அந்த அருங்காட்சியகத்தை அவர் பெயராலேயே அழைத்தார்கள். இன்னொரு பண்டைய கோயில் தலமான டெல்ஃபியில் பிரெஞ்சுக்காரர்கள் தோண்டியபோதும் அதே தேவை எழுந்தது. 1896இல் அங்கே கிடைத்த வெண்கலத் தேரோட்டி சிலைக்கு 1903இல் திறந்த அருங்காட்சியகம் இடம் கொடுத்தது, அதற்குப் பணம் அவருடைய உயில் அறக்கட்டளையிலிருந்து வந்தது. இந்த இரண்டு கட்டடங்களும் சரியான நேரத்தில் வந்திராவிட்டால் அந்தச் சிற்பங்கள் கொட்டகைகளில் கிடந்திருக்கும்.

இன்னும் உயர்வாக நான் மதிப்பது மருத்துவமனையை. தோல் நோய்க்கும் பால்வினை நோய்க்கும் தனி மருத்துவமனை கட்ட அவர் உயிலில் பணம் வைத்தார். அது 1910இல் திறக்கப்பட்டது. சிஃபிலிஸுக்கு முதல் பலனுள்ள மருந்தான சல்வர்சான் விற்பனைக்கு வந்ததும் அதே ஆண்டில். அக்காலத்தில் அந்த நோயாளி வெளியே சொல்ல முடியாத அவமானத்தோடு வாழ்ந்தவர். பெயருக்காகக் கொடுப்பவர்கள் சிலை வைப்பார்கள், தேவாலயம் கட்டுவார்கள். தன் பெயரை அந்த நோயோடு சேர்த்து ஊர் பேசும் என்று தெரிந்தே இதைத் தேர்ந்தெடுக்க வேறு மனம் வேண்டும். அந்த மருத்துவமனை இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது. சிறைச்சாலைக்கும் கொடுத்திருக்கிறார், அதுவும் கைதட்டல் கிடைக்காத கொடையே. கட்டடக் கலைஞர் எர்ன்ஸ்ட் சில்லர் வடிவமைத்த நகராட்சி நாடக அரங்கம் பாதியில் நின்றபோது பணம் கொடுத்து 1888இல் முடிக்க வைத்தார். 1922இல் ஆசியா மைனரிலிருந்து (இன்றைய துருக்கி) துரத்தப்பட்ட அகதிகள் அதன் பெட்டி இருக்கைகளில் குடியிருந்தார்கள். பிறகு அந்த அரங்கம் இடிக்கப்பட்டது.

கொடைகளில் பாதிப் பெருமை அவருடைய மனைவி இஃபிகேனியாவுக்குச் சேர வேண்டும். வழிகாட்டிகள் இதைச் சொல்வதே இல்லை. தம்பதிக்குக் குழந்தைகள் இல்லை. 1899இல் கணவர் இறந்தபின் இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர்தான் அறப்பணிகளைக் கவனித்தார். மாளிகை அரசுக்குப் போனதும், மரூசியில் இருக்கும் பெரிய தோட்டம் விவசாயக் கல்விக்குப் போனதும் அவருடைய உயிலால்தான். இன்று வட ஏதென்ஸ்வாசிகள் நடைபயிற்சி போகும் சிங்ரோஸ் காடு அதுவே.

அவருடைய கொடைகளைப் 'பாவக் கழுவல்' என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அந்த விளக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. அப்படிப் பார்த்தால் அதே ஆண்டு இறந்த அலெக்சாண்ட்ரியா வணிகர் யோர்கியோஸ் அவேரோஃப் எந்தப் பாவத்தைக் கழுவ 1896 ஒலிம்பிக் விளையாட்டுக்காக ஏதென்ஸ் விளையாட்டரங்கத்தைப் பளிங்கில் புதுப்பித்தார்? வியன்னா வங்கியாளர் சினாஸ் குடும்பம் ஏன் வான்நோக்ககத்தையும் அகாதெமியையும் கட்டியது? வெளிநாட்டில் பணம் சேர்த்த கிரேக்கன் ஏழைத் தாய்நாட்டுக்குப் பொதுக் கட்டடம் ஒன்றாவது கொடுப்பது அந்தத் தலைமுறையின் எழுதாத கடமை. சிங்ரோஸ் லாவ்ரியோவில் கை வைக்காமலே இருந்திருந்தாலும் கொடுத்திருப்பார் என்றே நினைக்கிறேன். இது என் ஊகம். கொடை கழுவல் இல்லை என்றால் அது கணக்கைத் தீர்க்கவும் இல்லை. காபிக் கடையில் சேமிப்பை இழந்தவருக்கு ஒலிம்பியா அருங்காட்சியகத்தால் ஒரு திராக்மாவும் திரும்பி வரவில்லை. இழந்தவர் ஒரு பக்கம், பெற்றவர் வேறொரு பக்கம். இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரே மீதம் காட்டுவதைக் கணக்கு தெரிந்தவர் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதனால் உங்கள் வழிகாட்டி சொன்னதும் பொய் அல்ல, நீங்கள் தேடிப் படித்ததும் பொய் அல்ல. 'ஊழலின் நாயகன்' என்பதை மட்டும் 'வதந்தி உச்சத்தில் பங்கு விற்றவர்' என்று திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். ஆதாரம் அந்த அளவுக்குத்தான் இடம் தருகிறது.

மறுபடி ஏதென்ஸ் போக வாய்ப்பு கிடைத்தால் லாவ்ரியோவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள், ஏதென்ஸிலிருந்து பஸ் இருக்கிறது. நிறுவனத்தை விற்ற பிறகும் செர்பியேரி ஊரை விட்டுப் போகவில்லை, புதிதாகப் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றைத் தொடங்கி அங்கேயே சுரங்கம் நடத்தினார். அந்த நிறுவனத்தின் உலைக்கூடங்களும் புகைபோக்கிகளும் இப்போது தொழில்நுட்பப் பண்பாட்டுப் பூங்காவாக இருக்கின்றன. ஒலிம்பியா போனால் புதிய அருங்காட்சியகத்தோடு திரும்பிவிடாதீர்கள். சிங்ரோஸ் கட்டிய பழைய கட்டடம் 1954 நிலநடுக்கத்தில் சேதமடைந்து, பிறகு சீரமைக்கப்பட்டு, இப்போது பண்டைய ஒலிம்பிக் விளையாட்டுகளின் வரலாற்று அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறது.